வளர இடம் விட்டுத் தைப்போம்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்குள்ள மாதர் சங்க மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தையல் வகுப்பு நடக்கிறது. காலால் மிதிக்கும் மெசின்கள் நான்கு, ஒரு நீள மேசை, சுவரில் தொங்கும் அளவு நாடா. வகுப்பின் சொத்து இவ்வளவுதான். படிக்க வருபவர்கள் எல்லோரும் தாய்மார். தங்கள் பிள்ளைகளின் உடுப்பைத் தாங்களே தைக்கப் பழகவேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம்.

நாங்கள் போயிருந்த அன்று, வகுப்பை நடத்தும் அக்கா ஒரு பழைய வெள்ளைச் சட்டையை மேசையில் விரித்தார். சிறுமி ஒருத்தியின் பாடசாலைச் சட்டை. வெள்ளை மங்கி மஞ்சள் பாய்ந்திருந்தது. கீழ்ப்பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள்.

"அக்கா, இது என்ன கோடு?" என்று ஓர் இளம் தாய் கேட்டார்.

"பிள்ளை வளர்ந்த கோடு" என்றார் அக்கா. பிறகு சொல்லத் தொடங்கினார்.

"என்ரை மகள் முதலாம் ஆண்டுக்குப் போகேக்கை தைச்சது. 2007ஆம் ஆண்டு. அடியிலை நாலு அங்குலம் மடிச்சு விட்டனான். 2008இலை இடம்பெயரேக்கை ஒருக்கால் அவிழ்த்தனான். மெசினையும் சைக்கிளிலை கட்டிக் கொண்டுதான் போனம். வழியிலை அதையும் விட்டிட்டம். 2009இலை செட்டிகுளம் முகாமிலை ரெண்டாந்தரம் அவிழ்த்து, கையாலை தைச்சன். ஊசி பக்கத்துக் கூடாரத்திலை இரவல். ஊருக்குத் திரும்பி வந்தாப்போலை 2010இலை மூண்டாந்தரம். அதோடை மடிப்பு முடிஞ்சுது."

மண்டபத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்தப் பெண்களுள் பலருக்கு அந்த வருடங்களைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு தாய்க்கு, நாலு அங்குலத் துணி மட்டும் கையிருப்பாக இருந்தது. அதைப் பிள்ளையின் வளர்ச்சிக்கென்று முன்கூட்டியே மடித்து வைத்தவரும் அவர்தான்.

கடைச் சட்டையில் இல்லாத மடிப்பு

இன்று சந்தையில் ஆயத்த உடுப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடிமடிப்பு பெரும்பாலும் அரை அங்குலம். பக்க மூட்டில் கால் அங்குலம். ஓரத்தை இயந்திரம் வெட்டிக்கொண்டே தைத்திருக்கும். பிள்ளை வளர்ந்தால் அந்த உடுப்பில் அவிழ்த்து விடுவதற்கு ஒன்றுமில்லை.

நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு அல்லது இரண்டரை அங்குலம் உயரும். சட்டையின் நீளம் அதில் ஒரு பங்குதான் கூடவேண்டும். மார்பின் சுற்றளவு இன்னும் மெதுவாகவே கூடும். ஆகவே, அடியில் மூன்று அங்குலமும் பக்க மூட்டுகளில் ஓர் அங்குலமும் விட்டுத் தைத்த சட்டை இரண்டு வருடம் வரை உதவும். வெட்டும்போது கூடுதலாகச் செலவாகும் துணி சிறிதளவே.

எங்கள் வீடுகளுக்கு இது புதிய விடயம் அல்ல. சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877ஆம் ஆண்டு கால்வைத்தது. பின்னர் தையல் மெசின் கிராமத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. மகளுக்குக் கலியாணம் என்றால் மெசினையும் கொடுத்து அனுப்பிய வீடுகள் பல. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், அம்மாவின் பருத்திச் சாறியும் அப்பாவின் வேட்டியும் பிள்ளைகளின் உடுப்பாக மாறின. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோதும், காலால் மிதிக்கும் மெசின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தொடங்க விரும்பும் தாய்மாருக்கு

மெசின் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஊசி, நூல், கத்தரிக்கோல், அளவு நாடா ஆகியன போதும். வகுப்பில் அக்கா சொல்லிக்கொடுத்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, துணி. எங்கள் வெயிலுக்குப் பருத்தியே நல்லது. அது வியர்வையை உறிஞ்சும். நைலோன் போன்ற துணிகள் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் உள்ள வீடுகளில் இதை மறக்கக்கூடாது. புதிய பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, அதன் பின்பே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் தைத்த சட்டை முதற் தோய்ச்சலிலேயே சுருங்கிவிடும்.

கையில் காசு இல்லையென்றால் பழைய பருத்திச் சாறி ஒன்றை எடுங்கள். ஒரு சாறி ஐந்தரை மீற்றர் அளவு வரும். நைந்த இடங்களைத் தவிர்த்து வெட்டினாலும் ஆறு வயதுச் சிறுமிக்கு இரண்டு, மூன்று சட்டைகள் தைக்கலாம். பலமுறை தோய்த்த துணி என்பதால் இனிச் சுருங்காது. மெதுமையாகவும் இருக்கும். பிறந்த குழந்தைக்குப் பழைய துணியையே முதலில் சுற்றிய எங்கள் அம்மம்மாமார் இதை அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, வெட்டு. துணியின் கரைக்குச் சமாந்தரமாக ஓடும் நூல், சட்டையின் மேலிருந்து கீழாக வரவேண்டும். சரித்து வெட்டினால் சட்டை ஒரு பக்கம் இழுபடும்.

மூன்றாவது, மூட்டு. கைக்குழந்தையின் உடுப்புக்குப் பிரெஞ்சு மூட்டு நல்லது. முதலில் துணியின் வெளிப்பக்கம் தெரியத்தக்கதாக ஓரத்தை ஒட்டித் தைத்து, பிறகு புரட்டி, உட்பக்கத்தில் மறுபடியும் தைப்பது அது. வெட்டிய ஓரம் உள்ளே மறைந்துவிடுவதால் குழந்தையின் தோலில் உரசாது. வளர்ந்த பிள்ளைகளின் சட்டைக்கோ, பின்னர் அவிழ்த்துவிட வசதியாகச் சாதாரண மூட்டே ஏற்றது. அதன் ஓரம் பிரியாதபடி கையால் சுற்றித் தைத்துவிடுங்கள்.

நான்காவது, தெறி. முன்பக்கத்தில் தெறி வைத்தால் பிள்ளை தானே போட்டுக்கொள்ளப் பழகும். சிறு குழந்தையின் உடுப்பில் தெறி கழன்றால் வாய்க்குள் போய்விடும். ஆகவே அதை இறுக்கித் தைக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் நாடா வேண்டவே வேண்டாம். அது எங்காவது கொழுவினால் கழுத்தை நெரித்துவிடும்.

ஐந்தாவது, கோடு. மடிப்பை அவிழ்த்தால் பழைய கோடு தெரியத்தான் செய்யும். வெள்ளைத் துணி என்றால் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டால் ஓரளவு மங்கும். நிறத் துணி என்றால் அந்தக் கோட்டின்மேல் ஒரு நாடாவையோ வேறு நிறத்தில் ஒரு வரிசைத் தையலையோ ஓடவிடுங்கள். அதுவே அலங்காரமாகிவிடும்.

1993ஆம் ஆண்டு தொடக்கம் பாடசாலை மாணவருக்கு அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டது. துணி கையில் கிடைக்கும்போது அதைத் தையற்கடைக்குக் கொடுத்தால் கூலி கொடுக்கவேண்டும். தாயே தைத்தால் கூலி மிச்சம். மடிப்பும் தாயின் விருப்பப்படி இருக்கும்.

பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது

மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் ஒருவர் தைக்கத் தொடங்கினால் நாலு நாளில் அலுத்துவிடும் என்கிறார் அக்கா. அவர் சொல்லும் சந்தோசம் வேறு.

அளவெடுக்கக் கூப்பிட்டால் பிள்ளை ஓடிவந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். நாடா கூசினால் சிரிக்கும். போனமுறை எழுதி வைத்த அளவைப் பார்த்து, "நான் எவ்வளவு வளர்ந்திட்டன் அம்மா?" என்று கேட்கும். பொக்கற் எந்தப் பக்கம், தெறி என்ன நிறம் என்று தானே தீர்மானிக்கும். வெட்டி விழுந்த துண்டுகளில் பொம்மைக்கும் ஒரு சட்டை கேட்கும். வேலை, தண்ணீர், விறகு என்று ஓடித்திரியும் தாய்க்குப் பிள்ளையுடன் இப்படி இருந்து பேச எத்தனை தருணங்கள் கிடைக்கின்றன? வேறொருவர் கழித்த உடுப்பையே போட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன் உடம்புக்கென்றே வெட்டிய ஓர் உடுப்புக் கிடைப்பது சிறிய விடயம் அல்ல.

முழுச் சட்டை

அந்த வெள்ளைச் சட்டையின் சொந்தக்காரியும் அன்று வகுப்பில் இருந்தார். இப்போது அவர் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய். ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2009க்குப் பின்னர் வன்னியில் பல ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. அவற்றின் சம்பளத்தால் பல குடும்பங்கள் சீவிக்கின்றன. அதை அவரும் மறுக்கவில்லை.

"நாலு வருசமாச் சட்டைக்குக் கைதான் பொருத்திறன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு எண்டு கணக்கில்லை. ஆனா ஒரு முழுச் சட்டையை நான் இன்னும் தைச்சு முடிக்கேல்லை" என்றார் அவர். தான் பொருத்திய கையுள்ள சட்டைகள் எந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகின்றன என்று அவருக்குத் தெரியாது. தன் மகளுக்குச் சந்தையில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாரத்தில் கிடைக்கும் ஒரேயொரு ஓய்வுநாளின் பின்னேரத்தை அவர் ஏன் இந்த மண்டபத்துக்குக் கொண்டுவருகிறார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கியது.

நீலப் பூப்போட்ட பருத்தித் துணி மேசையில் விரிக்கப்பட்டது. சிறுமி அசையாமல் நிற்க, தாய் தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். கத்தரிக்கோலை எடுத்தபோது, பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது:

"பொறு பிள்ளை. அதிலை வெட்டாதை. கீழை நாலு அங்குலம் விடு."

மகள் நாடாவை மறுபடியும் எடுத்து நாலு அங்குலம் கீழே இன்னொரு கோடு போட்டார்.

உங்கள் வீட்டில் பழைய சாறி ஒன்று இருக்கக்கூடும். வருகிற பொங்கலுக்கோ நத்தாருக்கோ பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை அளவெடுத்துப் பாருங்கள். முதற் சட்டையின் கழுத்து சற்றுக் கோணலாக வரலாம். பிள்ளை அதைப் பெரிதுபடுத்தாது. ஆனால் மடிப்புக்கு மட்டும் தாராளமாக இடம் விடுங்கள்.