வீட்டுக்குப் புதிய டீவி வாங்கப் போகிறீர்களா?



பெருநாள் நெருங்கும்போதும், சீட்டுப் பணம் கைக்கு வரும்போதும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை காசு அனுப்பும்போதும் நம் வீடுகளில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "பழைய பெட்டியை மாற்றினால் என்ன?" என்பதே அது. பிள்ளைகள் பெரிய திரை கேட்பார்கள். உம்மா விலையைக் கேட்பார். வாப்பா பேசாமல் இருப்பார். கடைசியில் ஹட்டன் பஜாரில் ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்து, விற்பனையாளர் காட்டியதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் பிறக்கும். அந்தக் கேள்விகளைக் கடைக்குப் போகுமுன்பே கேட்டுக்கொள்வது நல்லதல்லவா?

இது மார்க்கம் அனுமதித்ததா, தடுத்ததா என்ற பழைய விவாதத்தை இங்கே மீண்டும் எழுப்பப் போவதில்லை. கத்தி பழம் வெட்டவும் உதவும், கையை வெட்டவும் செய்யும் என்று நம் ஆலிம்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். பெட்டி வீட்டுக்கு வருவது என்று முடிவாகிவிட்டால், அது எப்படி வரவேண்டும், எந்தக் காசில் வரவேண்டும், வந்த பின் வீட்டில் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பதே நம் பேச்சு.

மலையகமும் தொலைக்காட்சியும்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். மூலம் கொழும்புச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் அறிமுகமானது. நாடு முழுவதற்குமான ரூபவாஹினி, ஜப்பான் அரசின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ஆரம்பமானது. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் எங்கே நிற்கிறது தெரியுமா? நம் நுவரெலியாவின் பிதுருதலாகல மலை உச்சியில்தான். 2,524 மீற்றர் உயரமான அந்த மலைதான் இலங்கையிலேயே உயர்ந்தது.

கோபுரம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் நம் வீட்டில் படம் தெளிவில்லை! இந்த வேடிக்கை மலையகத்துக்கே உரியது. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இடையில் ஒரு மலை நின்றால் அதன் மறுபக்கம் நிழல் விழுந்துவிடும். ஹட்டன் நகரின் மேட்டில் தெளிவாக வரும் படம், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் ஒரு லயத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான். ஆகவே முதல் அறிவுரை: பெட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் உங்கள் வீட்டுக்குப் படம் எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். அண்டெனாவா, டிஷ்ஷா, தொலைபேசி இணைப்பா, இன்டர்நெட்டா? பக்கத்து வீட்டில் எது நன்றாக வேலை செய்கிறது என்று விசாரியுங்கள். படம் வரும் வழி சரியில்லையென்றால் இலட்ச ரூபாய்ப் பெட்டியும் புள்ளியைத்தான் காட்டும்.

திரை எவ்வளவு பெரிது?

"பெரியதே சிறந்தது" என்பது கடைக்காரரின் கணக்கு. உங்கள் கணக்கு உங்கள் அறையிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டத்து லய அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் கட்டில், அலுமாரி போக உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கும் தூரம் ஆறு, ஏழு அடிதான். திரையின் மூலைவிட்ட நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரையான தூரத்தில் இருந்து பார்ப்பது கண்ணுக்கு இதம் என்பது பொதுவான அளவு. 32 அங்குலத் திரைக்கு நான்கு அடி முதல் ஆறரை அடி வரை. 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி முதல் ஒன்பது அடி வரை. 55 அங்குலத்துக்குக் குறைந்தது ஏழு அடி. இப்போது ஒரு அளவு நாடாவை எடுத்து உங்கள் அறையை அளந்து பாருங்கள். பல வீடுகளுக்கு 32 அல்லது 43 அங்குலமே போதுமானது என்பது தெரியவரும்.

இன்னொரு விடயம். கடையில் ஓடும் மாதிரிப் படம் கண்ணைப் பறிக்கும். அது அந்தத் திரைக்கென்றே உயர்ந்த தரத்தில் எடுக்கப்பட்டது. நம் பழைய அனலொக் ஒளிபரப்பில் ஒரு படம் 576 வரிகளாலேயே ஆனது. 'ஃபோர் கே' எனப்படும் திரையிலோ 2,160 வரிகள். குறைந்த வரியுள்ள படத்தைப் பெரிய திரையில் இழுத்துப் பரப்பினால் அது மங்கலாகத்தான் தெரியும். ஆகவே, "நான் வீட்டில் பார்க்கும் சாதாரண சேனலைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசு உங்களுடையது.

நாளைய ஒளிபரப்பையும் நினையுங்கள்

அனலொக் முறையைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறுவதற்காக, ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி என்ற முறையை இலங்கை 2014 இல் தேர்ந்தெடுத்தது. அந்த மாற்றம் பல தடவைகள் தள்ளிப்போனது உண்மை. ஆனால் எட்டுப் பத்து வருடம் வைத்திருக்கப் போகும் பெட்டியை வாங்குபவர் அதையும் மனதில் கொள்ளவேண்டும். சந்தையில் உள்ள பல பெட்டிகளில் ஐரோப்பிய முறையான டி.வி.பி.-டி2 மட்டுமே இருக்கும். அது ஜப்பானிய முறை ஒளிபரப்பைப் பிடிக்காது. தனிப் பெட்டி ஒன்றைப் பொருத்தவேண்டி வரும். இரண்டு பெட்டிகள் ஒரே விலையில் இருந்தால் ஐ.எஸ்.டி.பி.-டி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

மின்சாரமும் இடியும்

32 அங்குல எல்.இ.டி. பெட்டி சுமார் 50 வாட்ஸ் எடுக்கும். நாளைக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஏழரை யுனிட். 100 வாட்ஸ் எடுக்கும் பெரிய பெட்டியானால் பதினைந்து யுனிட். வித்தியாசம் ஏழரை யுனிட்தானே என்று எண்ணாதீர்கள். நம் நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஒரு படியின் விளிம்பில் நிற்கும் குடும்பத்தை அந்தச் சில யுனிட்டுகள் அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். பெட்டியின் பின்புறத்தில் எத்தனை வாட்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்குமுன் வாசியுங்கள்.

2022 இல் நாடு இருளில் மூழ்கிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போவதைவிட, போன மின்சாரம் திரும்பி வரும் அந்த நொடியே மின்சாதனங்களுக்கு ஆபத்தானது. திடீரெனப் பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பாதுகாப்புச் சாதனம் ஒன்றைப் பெட்டியுடன் சேர்த்தே வாங்குங்கள். மின்சாரம் நின்றால் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அது வந்து சில நிமிடங்கள் கழித்துப் பொருத்துங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் மலையகத்தில் இடி முழங்கும். எந்தப் பாதுகாப்புச் சாதனமும் நேரே விழும் மின்னலைத் தாங்காது. வானம் கறுத்தவுடன், இடி தொடங்குமுன்பே, பிளக்கையும் அண்டெனா வயரையும் கழற்றிவிடுவதே வழி. இடி முழங்கும்போது வயரைத் தொடவே வேண்டாம். தகரக் கூரைமேல் இரும்புக் குழாயை நட்டு அண்டெனா கட்டுபவர்கள் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துக் கட்டவேண்டும். மழை பலமாகக் கொட்டும்போது டிஷ் படம் உறைந்து நின்றால் பதற வேண்டாம். அது பழுதல்ல. மழைத்துளிகள் அலையை மறைப்பதால் ஏற்படுவது. மழை விட்டதும் படம் வந்துவிடும்.

ஈரச் சுவரும் மூடுபனியும் நம் ஊரின் இன்னொரு எதிரி. பெட்டியைச் சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். பின்னால் நான்கு விரல் அளவாவது காற்றோட்டம் விடுங்கள்.

எந்தக் காசில் வாங்குகிறோம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். "முற்பணம் பத்தாயிரம், மீதி தவணையில்" என்ற பலகை எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். கைக்காசு விலை 80,000 ரூபாய். தவணையில் எடுத்தால் முற்பணம் 10,000, பின்பு மாதம் 5,500 வீதம் 18 மாதம். கூட்டிப் பாருங்கள்: 1,09,000 ரூபாய். அதாவது 29,000 ரூபாய் அதிகம். மாதம் 5,500 என்று கேட்கும்போது இலேசாகத் தோன்றியது இப்போது எப்படித் தோன்றுகிறது?

காசு நட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இது வட்டியா, வியாபாரமா? இதில் நம்மவர்கள் பலருக்குத் தெளிவில்லை. 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி இதை ஆராய்ந்து முடிவு தந்திருக்கிறது. அதன் சாரம் இது: தவணைக்கு விற்கும் பொருளுக்குக் கைக்காசு விலையைவிடக் கூடிய விலை வைப்பது ஆகும். ஆனால் பேரம் முடியும்போது கைக்காசா, தவணையா என்பது தீர்ந்து, விலையும் ஒன்றாகத் தீர்ந்துவிட வேண்டும். வட்டி வீதத்தைத் தனியாகக் குறிப்பிட்டு விலையோடு சேர்ப்பது கூடாது. தவணை பிந்தினால் அதற்காக மேலதிகப் பணம் அறவிடுவதும் கூடாது. அது வட்டியே.

ஆகவே கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு விற்பது கடைக்காரரா, அல்லது ஒரு நிதி நிறுவனம் எனக்குக் கடன் தருகிறதா? மொத்த விலை ஒரே தொகையாக எழுதப்பட்டிருக்கிறதா? பிந்தினால் தண்டப்பணம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று வந்தால், அந்தக் கடதாசியை மேசையிலேயே வைத்துவிட்டு எழும்புங்கள். சந்தேகமான இடத்தில் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் ஒப்பந்தத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆறு மாதம் பொறுத்து, மாதாமாதம் சேர்த்து, முழுக் காசும் கொடுத்து வாங்கினால் பொருளிலும் பரக்கத், நித்திரையிலும் பரக்கத். அதுவரை பழைய பெட்டி ஓடட்டும். அது ஓடாவிட்டாலும் உயிர் போகாது.

பற்றுச்சீட்டை வாங்குங்கள்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்குப் பாதுகாப்புத் தருகிறது. பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுக்கவேண்டும். பொருளில் குறை இருந்தால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரை, திகதி, பெட்டியின் தொடர் இலக்கம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுதானால் ஹட்டனிலேயே திருத்துவார்களா, கண்டிக்கோ கொழும்புக்கோ நாம்தான் சுமக்கவேண்டுமா என்றும் கேளுங்கள்.

பழைய பெட்டியை யாருக்காவது விற்பதானால் அதன் குறையை மறைக்காமல் சொல்லி விற்கவேண்டும். அது நம் மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கம். பின்புறம் பெருத்த பழைய பெட்டியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அதை உடைத்து ஆற்றோரம் வீசாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள தோட்டங்களில் குடிக்கிறார்கள்.

வீட்டில் எங்கே வைப்பது?

சகோதரிகளே, இது உங்கள் தீர்மானம். படுக்கை அறையில் வேண்டாம். எல்லோரும் வந்துபோகும் அறையில், எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். தொழும் இடத்துக்கு முன்னால் வேண்டாம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் பெட்டி அணையவேண்டும் என்பதை முதல் நாளே சட்டமாக்குங்கள். இரண்டாம் மாதம் அதைச் சட்டமாக்க முடியாது! பிள்ளைகளை அணைக்கச் சொல்லிவிட்டு நாம் நாடகம் பார்த்தால் அந்தச் சட்டம் நிற்காது. இன்டர்நெட் வசதியுள்ள பெட்டியானால், பிள்ளைகளுக்கான பூட்டு இலக்கத்தை முதல் நாளே போட்டு, அதைப் பெற்றோர் மட்டும் வைத்திருங்கள். ஹஜ் காலத்தில் ஹரம் ஷரீபை நேரடியாகக் காட்டுவதும் அதே பெட்டிதான். பிள்ளையின் பரீட்சையைக் கெடுப்பதும் அதே பெட்டிதான்.

பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பது ஒரு காரணமல்ல. நம் வீட்டுக்குத் தேவையா, நம் அறைக்குப் பொருந்துமா, நம் வருமானம் தாங்குமா, ஹலாலான வழியில் வருகிறதா? இந்த நான்குக்கும் "ஆம்" என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள். வீண்விரயத்தை விட்டும் வட்டியை விட்டும் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.