அறுவையும் தறையாணியும்

மெர்சிங் படகுத்துறையில் நைலான் என்றால் வலையே நினைவுக்கு வரும், ஆடை அன்று. சப்பானியத் தெருவோர ஒளிப்படங்கள் இவ்வெல்லையை அழித்தன. ஷோயிச்சி ஆவோகி 1997இல் தொடங்கிய ‘புரூட்ஸ்’ இதழ், தோக்கியோவின் ஹராஜுகுவில் புதுமையாய் உடுத்த இளையோரைத் தலைமுதல் அடிவரை காட்டியது. படத்தருகே அவர்தம் அகவை, தொழில், உடுப்பு வந்த இடம் ஆகியன குறிக்கப்பெற்றன. சொல்லாய்வாளராகிய நமக்குப் படத்தினும் அக்குறிப்புகளே விருந்து. படமெடுக்கத்தக்க உடையினர் அருகிவிட்டனர் எனக் கூறி 2017இல் அவர் இதழை நிறுத்தினார்.

அந்நாட்டு வடிவமைப்பாளரும் தொழிற்பொருள்களை நாடினர். கோசுகே சுமுரா 1994இல் ஆக்கிய ‘ஃபைனல் ஹோம்’ நைலான் மேலங்கியில் 44 பைகள் உண்டு. வீடிழந்தோர் அவற்றுள் செய்தித்தாள் திணித்துக் குளிர் தாங்கலாம். கெய் நினோமியா தையலைத் தவிர்த்து, துண்டுகளைத் தறையாணியால் பிணைக்கிறார்.

இவ்வாடையைத் தமிழில் எப்பெயரால் சுட்டுவது? துணி, அறுவை, துண்டு, கூறை ஆகியவற்றை வெட்டுதற்பொருள் வேர்களிற் பிறந்தனவாகக் கொள்வர்; தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் வந்த பெயர்கள் அவை. சங்கப்புலவர் இளவேட்டனாரும் மதுரை அறுவை வாணிகரே. நினோமியாவின் ஆக்கமோ அறுப்பால் அன்று, கோப்பால் உருப்பெறுவது. ஆதலின் ‘கோவை’ என்போம். நகரும் சிற்றிலக்கியமும் குறுக்கே வரும். மாணவர் நகைக்கவும் கூடும். ஆயினும் ‘மெட்டீரியல்’ என்று கடந்துபோவதினும் இது மேல். இதனினும் நல்ல சொல் வகுப்பறையில் பிறந்தால் நம் சொல்லைக் கைவிடத் தயங்கோம்.