அட்டை வாங்கியவர் அடுத்த வருடமும் வருவாரா?

"இந்தக் காலத்தில் யார் வாழ்த்து அட்டை வாங்குகிறார்கள்?" என்று கேட்பவர்கள் அநேகர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பிறை தென்பட்ட அறிவித்தல் வந்து அரை மணித்தியாலம் ஆவதற்குள் கையடக்கத் தொலைபேசியில் ஐம்பது அறுபது வாழ்த்துகள் வந்து குவிந்துவிடுகின்றன. ஒருவருக்கு வந்ததையே அவர் இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார். சிலவற்றின் அடியில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் பெயர்கூட இருக்கும். நோன்பு இருபது கழிந்ததும் தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்த வீடுகளையும், வந்த அட்டைகளை அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாகச் செருகி வைத்த உம்மாமார்களையும் நம் சகோதரிகளில் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.

உண்மையில் அச்சிட்ட வாழ்த்து அட்டையே நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்ததுதான். 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் தமக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல், ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு நத்தார் அட்டையை வரைவித்தார். ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் அச்சாகி, எஞ்சியவை ஒரு ஷிலிங் வீதம் விற்பனைக்கு வந்தன. அந்தக் கணக்கில் பார்த்தால் இன்றைய தொலைபேசி வாழ்த்து அந்த அட்டையின் பேரப்பிள்ளைதான். கையால் செய்த அட்டையோ இதற்கு நேர்மாறானது. "உங்களுக்காக உட்கார்ந்து நேரம் செலவழித்தேன்" என்பதுதான் அது சொல்லும் முதல் சேதி. அதனாலேயே அச்சு அட்டைக்குக் கேள்வி குறைந்துபோன பின்பும் கைவேலை அட்டைக்கு ஒரு சிறு சந்தை எஞ்சியிருக்கிறது.

அந்தச் சந்தை பெரும்பாலும் விழாத் தெருக்களில்தான் இருக்கிறது. நல்லூரில் திருவிழா நடைபெறும் இருபத்தைந்து நாளும், கண்டியில் பெரஹரா இரவுகளிலும், வெசாக் வெளிச்சம் பார்க்க வரும் கூட்டத்திலும், சித்திரைப் புத்தாண்டுச் சந்தைகளிலும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்திலும் (அதைப் பற்றிய மார்க்கச் சர்ச்சை இப்போது வேண்டாம்), நோன்பின் கடைசிப் பத்தில் நமது ஊர்க் கடைத்தெருக்களிலும் மனிதர்கள் அவசரமில்லாமல் நடக்கிறார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையாவது வாங்கலாம் என்ற எண்ணத்தோடு நடக்கிறார்கள். ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. விழா முடிந்ததும் கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. நிரந்தரக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் நாளை வருவார். விழாத் தெருவில் மேசை போட்டவருக்கோ அவர் அடுத்த வருடம்தான் வருவார், வந்தால்!

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவரின் சில்லறைக் கடை 2020 கொரோனா முடக்கத்தில் மூடப்பட்டது, மறுபடி திறக்கவில்லை. மூன்று பிள்ளைகள், மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலை நாட்களில் பழகிய அட்டை வேலையைக் கையிலெடுத்தார் இந்தச் சகோதரி. முதலாவது விழாவில் கொண்டுபோனதில் பாதியைத் திருப்பித் தூக்கிவந்தார். இன்று அவருடைய அட்டைகளில் பெரும்பகுதி விழா தொடங்குமுன்பே சொல்லி வைக்கப்பட்டுவிடுகிறது. அட்டை அன்றிருந்த அட்டைதான். அவர் மனிதர்களோடு பழகிய விதத்தால்தான் வியாபாரம் நிமிர்ந்தது. நான் கேட்டும் கண்டும் அறிந்தவற்றை, இதே வழியில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் மேசை. பலர் செய்வதுபோல அவர் நிலத்தில் விரிப்புப் போட்டுப் பரப்புவதில்லை. பெருநாள் அட்டைகளில் அல்லாஹ்வின் திருநாமம் இருக்கலாம். அது கால்படும் இடத்தில் கிடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நானும் அதையே சொல்வேன். ஆயத்துகளை எழுதுவதை அவர் அறவே விட்டுவிட்டார். வாங்கியவர் எங்கே எறிவார் என்பது நம் கையில் இல்லையே. "ஈத் முபாரக்" போதும். விரும்புகிறவர்களுக்கு ஸஹாபாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட "தகப்பலல்லாஹு மின்னா வமின்க்கும்" என்பதை உள்ளே எழுதிக் கொடுக்கிறார். மேசை உயரத்தில் இருப்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: வயதானவர்கள் குனியாமல் எடுத்துப் பார்க்கிறார்கள். எடுத்துப் பார்த்தவர்தானே வாங்குவார்.

அடுத்தது பேச்சு. "என்ன வேணும்? இது எடுங்க, அது எடுங்க" என்று மேலே விழுவதில்லை. ஸலாமோ, புன்னகையோ, அவரவருக்கு ஏற்ற முகமன் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் அட்டை ஒட்டிக்கொண்டிருப்பார். வேலை நடப்பதைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள். ஒருவர் ஓர் அட்டையைக் கையில் எடுத்து இரண்டாம் தடவையும் திறந்து பார்த்தால் அப்போது மட்டும் ஒரேயொரு கேள்வி: "யாருக்கு ராத்தா?" சிங்களப் பெரியம்மா என்றால், "அம்மே, மேக காட்டத?"

இந்த ஒற்றைக் கேள்விதான் அவருடைய வியாபாரத்தின் சூட்சுமம் என்பது என் கணிப்பு. விலையைச் சொன்னால் மனிதர் பேரம் பேசுவார். யாருக்கு என்று கேட்டால் கதை சொல்வார். கட்டாரில் இருக்கும் மகனுக்கு, வைத்தியசாலையில் கவனித்துக்கொண்ட தாதிக்கு, கோபித்துக்கொண்டு இரண்டு வருடமாகப் பேசாத மச்சிக்கு! அந்தப் பதிலைக் கேட்டபின் பெயரை உள்ளே அழகாக எழுதித் தருவார். தமிழ் எழுத்தும் அறபு எழுத்தும் அவருக்கு முன்பே கைவந்தவை. சிங்கள எழுத்தை மகளின் கொப்பியைப் பார்த்து ஒரு விடுமுறையில் பழகிக்கொண்டார். தன் மொழியில் தன் மகனின் பெயரைக் கண்ட தாய் அந்த மேசையை எப்படி மறப்பாள்?

கூட்டம் குறைந்ததும் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுப்பார். வாங்கியவரின் பெயர், ஊர், யாருக்காக வாங்கினார், எந்த நிறம் பிடித்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். தொலைபேசி இலக்கத்தை அவராகக் கேட்பதில்லை. "அடுத்த முறை புதிய அட்டை வந்தால் சொல்லவா?" என்று கேட்பார், தருகிறவர் தரட்டும். வியாபாரத்துக்கென்று தனி இலக்கம் வைத்திருக்கிறார். அந்தரங்கமான இலக்கத்தை விழாத் தெருவில் கொடுப்பது பெண்களுக்குப் பல தொல்லைகளைக் கொண்டுவரும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். வருடத்தில் ஒவ்வொரு விழாவுக்கும் மூன்று வாரத்துக்கு முன் ஒரேயொரு செய்தி அனுப்புவார், அதுவும் பெயர் சொல்லி. தினமும் படம் அனுப்பி அலுப்பூட்டுகிறவரை நாமே நமது தொலைபேசியில் அடைத்து வைத்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கொப்பியில் உள்ளவை மற்றவர் வீட்டுச் செய்திகள். மச்சியோடு இருந்த கோபத்தை இன்னொரு வாடிக்கையாளரிடம் கதையாகச் சொன்னால் அது அமானிதத்துக்குத் துரோகம். கடையும் அன்றோடு முடிந்தது.

விலை விடயத்தில் நமது பெண்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். குறைத்துக் கேட்பார்கள் என்று எண்ணிக் கூட்டிச் சொல்வதும், பிறகு இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. கைலா என்ற வியாபாரப் பெண்மணி இப்படித்தான் செய்வதாக நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அவ்வாறு செய்யாமல் விரும்பும் விலையையே சொல்லும்படி அன்னார் பணித்ததாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரம் ஹராம் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரே அட்டையைக் காலையில் ஒருத்தி 200 ரூபாவுக்கும், மாலையில் அவளுடைய தங்கை 140 ரூபாவுக்கும் வாங்கிச் சென்று, வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கும்? நமது சகோதரி விலையை அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதிவிடுகிறார். குறைத்துக் கேட்பவருக்கு விலையைக் குறைப்பதில்லை. ஒரு சிறு பெயர்த்துண்டைச் சேர்த்துக் கொடுக்கிறார். 22க்கு 28 அங்குல பிரிஸ்டல் போட் ஒன்றில் 7க்கு 10 அளவில் எட்டு அட்டை வெட்டலாம். ஓரத்தில் இரண்டு அங்குலப் பட்டி மிஞ்சும். அன்பளிப்புப் பொதியில் கட்டும் இந்தத் துண்டுகள் அந்தப் பட்டியிலிருந்து வருபவை. செலவும் இல்லை, வந்தவர் முகம் சுண்டிப் போவதும் இல்லை.

மழை வந்தால் அட்டை நனையும். பெரஹரா காலத்துத் தூறலை மலைநாட்டார் அறிவார்கள். உறையிலிட்டாலும் சிலவற்றின் விளிம்பு ஊறிவிடும், காய்ந்தபின் வளைந்து நிற்கும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக்கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைந்த அட்டைகளைத் தனிப்பெட்டியில் "மழையில் நனைந்தவை, பாதி விலை" என்று எழுதி வைக்கிறார் இவர். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெட்டியைத்தான் முதலில் தேடி வருகிறார்களாம்.

சொல்லி வைத்துச் செய்யும் வேலையில்தான் உறவு வளர்வதும் முறிவதும். இதில் மார்க்கச் சட்டமும் நமக்கு உதவிக்கு வருகிறது. செய்து தரச்சொல்லி ஒப்பந்தம் பண்ணுவதை அறபியில் இஸ்திஸ்னாஃ என்பர். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பொருளின் வகை, அளவு, எண்ணிக்கை, விபரம் யாவும் குறிக்கப்பட்டு, ஒப்படைக்கும் தவணையும் தீர்மானிக்கப்பட்டால் அது இருவரையும் கட்டுப்படுத்தும் என்று முடிவெடுத்தது. பணம் முழுவதையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டுமென்பதில்லை. எனவே கொப்பியில் "40 அட்டை, பச்சை, சிங்களத்திலும் தமிழிலும், இன்ன திகதி, முற்பணம் இவ்வளவு" என்று எழுதி, அதன் பிரதியொன்றை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிட்டுப் பிறகு "நான் நீலம் சொன்னேன்", "இல்லை பச்சை" என்று முகம் கறுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

2022 நெருக்கடியை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மே மாதம் வரவிருந்த நோன்புப் பெருநாளுக்கு 40 அட்டைக்கு முற்பணம் வாங்கியிருந்தார் இந்தச் சகோதரி. கடையில் போட் இல்லை. இருந்த இடத்தில் விலை கைக்கெட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் கடைசி நாள்வரை "ஆகுது, ஆகுது" என்றிருப்பார்கள். முற்பணத்தில் ஒரு பகுதி ஏற்கனவே வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே, காதிலிருந்த தோட்டை அடகு வைத்து முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு, கணவரோடு அந்த வீட்டுக்கே போனார். "மாமி, பதினைந்துதான் செய்ய ஏலும். அது போதுமென்றால் தாறேன், இல்லாட்டி இந்தாங்க காசு" என்றார். அந்த மாமி பதினைந்தை எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தை அடுத்த பெருநாளுக்கென்று அவர் கையிலேயே திருப்பி வைத்தாராம். அவருடைய மூன்று மருமகள்மாரின் பெயர்களும் இன்று அந்தக் கொப்பியில் இருக்கின்றன. 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தபோது, அண்டை வீட்டுச் சிங்களக் குடும்பங்களுக்கென்று புத்தாண்டு அட்டைகளையும் அதே வீட்டார்தான் அதிகமாகச் சொல்லி வைத்தார்கள்.

பிற சமூகத்தவருக்கு விற்கையில் படங்களில் மிகுந்த கவனம் வேண்டும். உடுப்பிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மசக்கரம் என்று கருதி 2019 மே மாதத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்த நாட்டில் வாழ்கிறோம். சக்கரம், தாமரை, அரச இலை, கடவுளர் உருவம் எதுவும் வேண்டாம். நமது மார்க்கத்தின் நோக்கிலும் அதுவே சரி. முள்முருக்கம் பூவும் குயிலும் சித்திரைக்குப் போதாதா? முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற குரல்கள் அந்த வருடத்தில் பகிரங்கமாக எழுந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சிங்களப் பெரியம்மா பெரஹரா பார்க்க வரும்போதெல்லாம், முக்காடிட்ட ஒரு பெண்ணின் மேசையைத் தேடி வந்து, "மகள் எங்கே, பரீட்சை எப்படி?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார். அந்த மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"பெண் தெருவில் உட்காருவதா மௌலவி?" என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. கணவரோ மகனோ கூட இருக்கிறார், உடை ஒழுங்காக இருக்கிறது, இஷாவுக்குப் பின் நெடுநேரம் தங்குவதுமில்லை. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கைகளால் உழைத்துத் தர்மம் செய்ததை நாம் பெருமையோடு பயானில் சொல்கிறோம். அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று 2020இல் கேட்காதவர்கள் இப்போது இந்தக் கேள்வியோடு வருவதுதான் எனக்கு விளங்கவில்லை.

தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கு இன்னும் இரண்டொரு நுணுக்கம். அட்டையின் முகப்பில் வருடத்தைப் போடாதீர்கள். நோன்புப் பெருநாளில் மீந்தது இரண்டு மாதமும் சில நாட்களும் கழித்து ஹஜ்ஜுப் பெருநாளில் விற்கும். உங்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்டால் பக்கத்து மேசையைக் காட்டிவிடுங்கள். அவரும் ஒருநாள் உங்களைக் காட்டுவார். ஓரளவு நல்ல பசையாக வாங்குங்கள், மலிவுப் பசை ஆறு மாதத்தில் மஞ்சளாகிப் பூ கழன்று விழும். வேலையை ரஜப் பிறந்ததும் தொடங்கிவிட வேண்டும். நோன்பு வந்தபின் கஞ்சியையும் வைத்து, தராவீஹுக்கும் போய், இரவில் கத்தரிக்கோல் பிடிக்க யாராலும் ஏலாது.