பின்னங்கால் முள்ளும் சிரசின் புள்ளியும்

டெக்ஸாஸ் மாகாணத்துச் சுகர் லேண்டில், ஆகாயத்தில் மேகத்தின் சுவடேயில்லாத ஒரு கோடைப் பிற்பகலில், நம் பூமருதுக்குத் தாயாதியான கிரேப் மிர்ட்டில் மரத்தடியில் காரை நிறுத்தி இறங்குகிறவர், புறங்கையில் பன்னீர் தெளித்தாற்போலத் துளிகள் விழக்கண்டு அண்ணாந்து நோக்குவாரானால், அந்த மழையைப் பெய்விப்பது கிளையோடு கிளையாக ஒட்டியிருக்கும் அரை அங்குலப் பூச்சி என்பதையும், விரலை நீட்டிய மாத்திரத்தில் அது நண்டைப்போலப் பக்கவாட்டில் நகர்ந்து கொப்பின் மறுபுறம் ஒளிந்துகொள்வதையும் காண்பார். வேரிலிருந்து மரம் மேலேற்றும் நீரே அதன் ஆகாரம். அதில் சத்து சொற்பமாதலால், தன் எடையைப்போல் 300 மடங்குவரை ஒரே நாளில் குடித்தாக வேண்டியிருக்கிறது. குடித்ததைச் சுண்டியெறிய அதன் வால்நுனியில் ஒரு கவண் இருப்பதை ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் 2023இல் விளக்கினார்கள்.

இதன் குலம் கோத்திரத்தை அறிய விரும்புகிறவர் நிறத்தை நம்பலாகாது. காலைப் பார்க்க வேண்டும். பின்னங்காலில் முழந்தாளுக்குக் கீழே, சீப்பின் பற்களைப்போல முட்கள் நெடுக வரிசையிட்டிருந்தால் அது இலைத்தத்துப்பூச்சிக் குடும்பம். தஞ்சை விவசாயிகளைக் கலங்கவைக்கும் புகையானும் தத்திக் குதிப்பதுதான், சாறுறிஞ்சுவதுதான். ஆயினும் அதன் கீழ்க்காலின் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று தனித்து நிற்கும். ஆகவே அது வேறு குடும்பம்.

நம் மரத்துப் பூச்சியின் கபில நிறச் சிரசில் தந்தவர்ணப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். கலிபோர்னியாவில் வாழும் அதன் பங்காளிக்கோ அதே இடத்தில் நெளிகோடுகள். நம் பூச்சியின் சிறகு கண்ணாடி, நரம்பு செந்நிறம். ஹோமலோடிஸ்கா விட்ரிபெனிஸ் என்ற இதன் பெயரின் பிற்பாதிக்கு லத்தீனில் கண்ணாடிச் சிறகு என்றே பொருள். சிறகில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போன்ற வெண்திட்டைக் கண்டு, புதிய ஜாதி அகப்பட்டுவிட்டதென்று நானும் ஒருமுறை மகிழ்ந்ததுண்டு. அது பெண் பூச்சி தன் முட்டைகளின்மேல் பூசுவதற்காகச் சேமித்து வைத்த பொடி மாத்திரமே.

ஐயமற்ற தீர்ப்பு பெரும்பாலும் ஆண் பூச்சியின் வயிற்றுநுனியில்தான் இருக்கிறது. அதைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் இட்டுத் தசையைக் கரைத்து, கிளிசரின் துளியில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஜனனேந்திரியத்தின் வளைவையும் கூர்மையையும் வரைந்துகொள்வது இத்துறையினரின் வழக்கம். பெண் மட்டும் அகப்பட்டால், பல இனங்களில் நிபுணரும் பெயர் சொல்லத் தயங்குவார். பெயரிடுவதிலும் குழப்பமுண்டு: 1821இல் ஜெர்மார் பெயரிட்ட நம் மரத்துப் பூச்சிக்கே 1832இல் தாமஸ் ஸே வேறொரு பெயரிட, பின்னதே நெடுங்காலம் வழங்கி, 2006இல்தான் முன்னது நிலைபெற்றது.

இப்படி இனம் பிரித்தறிவதைப் பண்டிதர் விவகாரமென்று ஒதுக்குவதற்கில்லை. 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் டெமக்குலாவில் திராட்சைக் கொடிகளை மாய்த்த பாக்டீரியாவைச் செடிக்குச் செடி சுமந்தது இப்பூச்சியே. இப்போது நம் நாட்டுப் பருத்தியும் வெண்டையும் நன்கறிந்த இருபுள்ளித் தத்துப்பூச்சி, 2024இல் புளோரிடாவிலும் மறு ஆண்டு ஜார்ஜியாவின் பருத்தி வயல்களிலும் காணப்பட்டிருக்கிறது. கொல்லையில் வெண்டை போட்டிருக்கும் சுகர் லேண்ட் தமிழர், இலையின் அடிப்புறத்தைப் புரட்டிச் சிறகுக்கு ஒன்றாக அதன் கரும்புள்ளிகளைத் தேடலாம். ஆனால் அமெரிக்காவுக்கே உரிய உருளைக்கிழங்குத் தத்துப்பூச்சியும் அதே பச்சை, ஏறக்குறைய அதே மூன்று மில்லிமீட்டர். இருபுள்ளிப் பூச்சியின் புள்ளியோ, சிலவற்றில் மங்கிப்போயிருக்கும்.