ரோபோ, டைனோசர் படம்னா குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா? 'யு/ஏ' சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

போஸ்டரில் ஒரு ரோபோவோ டைனோசரோ இருந்தால் போதும், வீட்டில் இருக்கும் குட்டீஸ் அடம்பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம்தானே, என்ன ஆகிடப் போகுது?" என்று பெற்றோரும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆனால், இடைவேளைக்கு முன்பே அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருபவர்களை எந்த தியேட்டரிலும் பார்க்கலாம். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

2018-ல் வெளியான ரஜினிகாந்தின் '2.0' படத்தையே எடுத்துக்கொள்வோம். சிட்டி, குட்டி ரோபோக்கள், 3டி கண்ணாடி என்று குழந்தைகளை இழுக்கிற எல்லாமே அதில் இருந்தது. ஆனால், அந்தப் படம் தொடங்குவதே ஒரு முதியவர் செல்போன் டவரில் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியோடுதான். அதன்பிறகு, தினமும் கையில் வைத்திருக்கும் செல்போன்களே கூட்டமாக வந்து மனிதர்களைக் கொல்லும்.

படத்துக்குக் கிடைத்த சான்றிதழ் 'யு/ஏ'. அதாவது, 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். 4 வயதுக் குழந்தைக்கும் 11 வயதுப் பிள்ளைக்கும் ஒரே முத்திரை!

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2023-ல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டு, 'யு/ஏ' என்ற ஒரே பிரிவு யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளிலேயே இந்த வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. அங்கே வன்முறை, பயமுறுத்தும் காட்சிகள் போன்ற குறிப்புகளையும் படம் தொடங்கும் முன்பே காட்ட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 'ஏ' படத்துக்குத்தான் 18 வயதுக்குக் கீழ் அனுமதி கிடையாது. யு/ஏ-வில் உள்ள வயது பெற்றோருக்கான ஆலோசனை மட்டுமே. முடிவு எடுக்க வேண்டியது அப்பா, அம்மாதான்.

நாடு மாறினால் வயதும் மாறும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜுராசிக் பார்க்' (1993) படத்துக்கு அமெரிக்காவில் 'பிஜி-13' கிடைத்தது. அதே படத்துக்கு பிரிட்டன் கொடுத்தது வெறும் 'பிஜி'. அவருடைய 'இ.டி.' (1982) படத்தை நம்மூரில் எல்லோருமே குழந்தைகள் படமாகத்தான் நினைப்போம். ஸ்வீடனிலோ அதை 11 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பார்க்கத் தடை! பெரியவர்கள் குழந்தைகளுக்கு எதிரிகள் போலக் காட்டப்படுவது அங்கே பிரச்னையாகப் பார்க்கப்பட்டது.

சொல்லப்போனால், 'பிஜி-13' என்ற பிரிவே ஸ்பீல்பெர்க் கைவண்ணத்தால் வந்ததுதான். 1984-ல் அவர் இயக்கிய இண்டியானா ஜோன்ஸ் படமும், தயாரிப்பில் பங்கெடுத்த 'கிரெம்லின்ஸ்' படமும் 'பிஜி' முத்திரையோடு வந்து பெற்றோரைக் கொதிக்க வைத்தன. நடுவில் ஒரு பிரிவு தேவை என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

5 வயதுப் பயம் வேறு, 12 வயதுப் பயம் வேறு

சான்றிதழ் சொல்லாத விஷயம் இதுதான். திரையில் வரும் காட்சிகளுக்குக் குழந்தைகள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் கேன்டர். 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' டிவி தொடரில், சாதுவான ஒரு மனிதர் பச்சை உருவமாக மாறி நல்லவர்களைக் காப்பாற்றுவார். பள்ளி செல்லும் பிள்ளைகள் அவரை ஹீரோவாகப் பார்த்தார்கள். பள்ளி செல்லும் வயதுக்கு வராத குழந்தைகளோ அந்த உருமாற்றத்தைப் பார்த்தே மிரண்டு போனார்கள்.

இன்னொரு படத்தில் நடந்தது நேர் தலைகீழ். அமெரிக்க ஊர் மீது அணுகுண்டு விழுவதாகக் காட்டிய 'தி டே ஆஃப்டர்' 1983-ல் டிவியில் ஒளிபரப்பானபோது, சிறு குழந்தைகள் பெரிதாக அசரவில்லை. கலங்கிப் போனது பதின்வயதுப் பிள்ளைகள்தான். நிஜமாகவே நடக்கலாம் என்று புரிகிற வயது அது.

ஆக, 7 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 'எப்படித் தெரிகிறது' என்பதுதான் பயம். கோரமான முகம், திடீரென உருமாறும் உடம்பு, காதைப் பிளக்கும் சத்தம் இதெல்லாம் டிரெய்லரிலேயே ஓரளவு தெரிந்துவிடும். வளர்ந்த பிள்ளைக்கு 'என்ன நடக்கிறது' என்பது முக்கியம். அதற்குக் கதைச்சுருக்கத்தைப் படித்தாக வேண்டும்.

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் பேய், பிசாசு, ஏலியன் எதுவும் கிடையாது. ஆனால், மகளை விட்டுவிட்டு விண்வெளிக்குப் போகும் அப்பா, ஒரு கிரகத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் 23 வருடம் ஓடிவிடுகிறது. 5 வயசுக் குழந்தை இதில் தூங்கிவிடலாம். வேலைக்காக அப்பா வெளிநாட்டில் இருக்கும் 10 வயசுப் பிள்ளைக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்பதை எந்த தணிக்கைக் குழுவும் சொல்ல முடியாது.

தியேட்டரில் பயந்துவிட்டால்?

"இதெல்லாம் கிராஃபிக்ஸ்டா கண்ணா" என்ற சமாதானம் 8 வயதுக்கு மேல்தான் எடுபடும். சின்னக் குழந்தையிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது, கவனத்தைத் திருப்புவது ஆகியவைதான் வேலைக்கு ஆகும். அதற்கும் அடங்காவிட்டால் வெளியே வந்துவிடுவதே நல்லது. "காசு கொடுத்தாச்சே" என்று கண்ணைப் பொத்தி உட்கார வைத்தாலும், சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். டிக்கெட் புக் பண்ணும்போதே வரிசையின் ஓர சீட்டைப் பிடித்துவிட்டால், பாதியில் எழுந்து வருவதும் சுலபம்.