வேலை தெரிந்த கைக்கு ஒரு கடதாசி

2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தையில், சவோய் திரையரங்கை அண்டியிருந்த ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. கட்டடத்துக்கு அனுமதி இருந்ததா என்ற கேள்வியே அப்போது பெரிதாக எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கொழும்பில் ஒரு கட்டடத்தைப் பொறுப்பேற்று எழுப்புகிறவர்களின் தகைமையை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும் தொடர்மாடிகளையும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் பழைய வீடுகளை உடைத்து எழுப்பப்படும் அடுக்குகளையும் கட்டுகிறவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் கையாளாக வந்து, மேசனாகி, சைட் சூப்பர்வைசராக உயர்ந்தவர்கள். வரைபடத்தைப் பார்த்தால் கம்பி எங்கே வளைய வேண்டும் என்று சொல்வார்கள். கொங்கிறீட் போடும் நாளில் அவர்கள் இல்லாமல் ஒன்றும் நகராது. ஆனால் கட்டாருக்கு விண்ணப்பிக்கும்போதோ பெரிய கம்பனி ஒன்றில் வேலை கேட்கும்போதோ காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது.

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சிற்பிகளுக்குக் குருவின் பெயரே சான்றாக இருந்திருக்கும். அந்தக் காலம் போய்விட்டது. அதை ஒரு இழப்பாக நான் நினைக்கவில்லை. குருவை அறியாத ஊரிலும் ஒருவரின் கைத்திறன் மதிக்கப்பட வேண்டுமென்றால் எழுத்தில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

சட்டம் இதைச் சொல்லிப் பல ஆண்டுகளாகிவிட்டன. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணத்துறை அபிவிருத்திச் சட்டம், 1986 முதல் இயங்கிவந்த நிர்மாணப் பயிற்சி, அபிவிருத்தி நிறுவனமான 'இக்டாட்'டின் இடத்தில் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவியது. கொந்தராத்துக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்வதும் கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்குவதும் அதன் வேலைகள். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியற் பேரவை வந்தது. பட்டயப் பொறியியலாளர் மட்டுமல்ல, தொழில்நுட்பவியலாளரும் அங்கே பதிய வேண்டும்.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நான்காம் மட்டம் தேர்ந்த கைவினைஞருக்குரியது. வகுப்பில் உட்காராமல், இதுவரை செய்த வேலையைக் காட்டியே சான்றிதழ் பெறும் முறை ஒன்று இதில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். விண்ணப்பித்து, செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோவையாகக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். இராஜகிரியவில் உள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபையான 'நைட்டா' இதைச் செய்கிறது. பதினைந்து வருடம் மேசன் வேலை பார்த்தவருக்குச் சோதனை ஒரு பயமே அல்ல. ஆதாரக் கோவைதான் அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

மேலே போகப் போகவும் இதே கதைதான். கியூ.எஸ். என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கணிய அளவையாளர் தன் தொழில் நிறுவகத்தில் முழு அங்கத்துவம் பெறவும், பொறியியலாளர் பட்டயம் பெறவும், படிப்போடு களத்தில் செய்த வேலையின் பதிவும் வேண்டும். திட்ட முகாமையில் உலகெங்கும் கேட்கப்படும் பி.எம்.பி. சான்றிதழுக்கும் அப்படித்தான். பட்டதாரிக்கு 36 மாதமும், உயர்தரத்தோடு நின்றவருக்கு 60 மாதமும் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் தேவை. கூடவே 35 மணித்தியாலப் பயிற்சி. விண்ணப்பங்களில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, நீங்கள் எழுதியது உண்மைதானா என்று பழைய மேலதிகாரியின் கையொப்பத்தோடு உறுதிப்படுத்தச் சொல்வார்கள். கிடைத்த பின்னும் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியில் கட்டுமான வேலைகள் பாதியில் நின்றபோது, வெளிநாடு போகும் அவசரத்தில் எத்தனையோ இளைஞர்கள் கடன்பட்டு இத்தகைய வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கான வகுப்புகளில் சேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன்: உள்நாட்டுப் பதிவே முதலில். என்.வி.கியூ.வும் அதிகாரசபை அட்டையும் உங்கள் தொழிலுக்கு அத்திவாரம். அதைப் போடாமல் வெளிநாட்டுச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அனுபவ மாதங்களை நிறுவ முடியாதவருக்கு அந்தப் பணம் வீண்.

ஆகவே, தளத்தில் நிற்கும் தம்பிமாரிடம் கேட்பது இதுதான். இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தக் கட்டடம், எத்தனை மாடி, உங்கள் பொறுப்பு என்ன, எந்தத் திகதியில் எந்தத் தளத்துக்குக் கொங்கிறீட் போட்டீர்கள், யாரின் கீழ் வேலை செய்தீர்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வேலை முடிந்து பிரியும்போது பொறியியலாளரிடம் கையொப்பத்தோடு ஒரு கடிதம் கேளுங்கள். கம்பனி மூடிப்போனால் பிறகு கேட்க ஆள் இருக்காது. மதிப்பீட்டுக்குப் போகும்போது தமிழில் நடத்தும்படி தயங்காமல் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கொந்தராத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடிதம் கொடுத்தால் ஆள் கட்டாருக்குப் போய்விடுவான் என்று பயந்து அதைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். உங்களுக்காக வெயிலில் நின்றவர் கேட்பது சம்பள உயர்வல்ல, தான் செய்ததைச் செய்ததாக ஒப்புக்கொள்ளும் ஒரு கையொப்பம். அதைப் போட்டுக் கொடுங்கள்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புதிதாக மாடி வீடு வாங்கப் போகிறவர்களும் விலையைப் பேசுமுன் கட்டியவரின் பதிவுத் தரத்தைக் கேளுங்கள். மாநகரசபையின் இணக்கச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் முற்பணம் கொடுக்காதீர்கள்.