அளவியும் ஆளியும்

இருப்பறிந்து செலவு செய்தல் இல்வாழ்வானுக்கு மட்டுமன்றி, அவன் இல்லத்து மின்கலவடுக்குக்கும் வேண்டிய ஒழுக்கமாகும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்னிலையத்தில் குரங்கொன்று புகுந்தமையால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. இத்தகைய வேளையில் ஒரு சிறு பற்றறியே விளக்கையும் விசிறியையும் ஒருங்கே தாங்குமாயின், இருப்புக் குறைந்தவிடத்து முதலில் நிற்க வேண்டியது எது? விசிறி நின்றால் வியர்க்கும், அவ்வளவே. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கு நின்றால் பாடமே நின்றுவிடும். ஆகவே விசிறியை முன்னரே நிறுத்தி விளக்கைக் காக்கும் ஏற்பாடு வேண்டும். அதனை எவ்வாறு அமைக்கலாம் என ஈண்டு ஆராய்வோம்.

பெற்றோல் தாங்கியில் மிதவையொன்று எரிபொருளின் மட்டத்தைக் காட்டும். பற்றறிக்குள் மிதவை இடல் இயலாது. இலிதியம் அயன் கலமொன்று நிறைந்தபோது 4.2 வோல்ற்றும், வறண்டபோது ஏறத்தாழ 3 வோல்ற்றும் காட்டும். எனினும் இடைப்பட்ட நிலையில் இவ்வழுத்தம் மிக மெல்லவே மாறும். சுமை ஏறியவுடன் தாழ்ந்தும், நீங்கியவுடன் உயர்ந்தும் நிற்கும். ஆதலின் அழுத்தத்தை மட்டும் நோக்கி இருப்பைக் கணித்தல் பிழைபடும். இக்குறையை நீக்க எழுந்ததே ‘பற்றறி அளவி’ என்னும் நுண்சுற்று. இதில் ஒருவகை, மிகச் சிறு தடையி ஒன்றினூடாகச் செல்லும் மின்னோட்டத்தை இடையறாது அளக்கும். 10 மில்லியோம் தடையியில் 2 அம்பியர் பாய்ந்தால் 20 மில்லிவோல்ற்று தோன்றும். அதனைக் கொண்டு வரவையும் செலவையும் கணக்கப்பிள்ளைபோல் எழுதி, எஞ்சிய இருப்பை நூற்றுவீதமாக அறிவிக்கும். இருப்பு, குறித்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை தருவதற்கெனத் தனியாக ஒரு காலும் இவ்வளவிகள் பலவற்றில் உண்டு.

இக்கால் கொண்டே விசிறியை நிறுத்தலாகாதா? நேராக நிறுத்தலாகாது. பொதுவாக இக்கால் தன்னைத் தரையோடு இணைக்கும், அல்லது கைவிடும், வேறொன்றும் செய்யாது. அது தாங்குவதும் சில மில்லியம்பியரே. விசிறிக்கோ ஓர் அம்பியர் அளவில் வேண்டும். இங்கு மோட்டார் வாகனம் நமக்கு வழிகாட்டுகின்றது. ஒருகொடவத்தையில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மோட்டார் வாகனப் பொறியியற் பயிற்சி நிலையம் உண்டு. அத்தகைய நிலையங்களிற் பயில்வோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: சாவியின் ஊடாகச் செல்வது சிற்றோட்டமே, அச்சிற்றோட்டம் சொலனொயிட்டை இயக்க, அதுவே ஸ்டாட்டர் மோட்டாருக்கு வேண்டிய பேரோட்டத்தைத் திறந்துவிடும். சாவி ஏவும், சொலனொயிட் சுமக்கும்.

நம் சுற்றில் சாவியின் இடத்தில் அளவியின் கால் நிற்க, சொலனொயிட்டின் இடத்தில் பி-வகை மொஸ்பெற் திரான்சிற்றர் ஆளியாக நிற்கும். அதன் படலையை ஒரு தடையியால் பற்றறியின் நேர்முனையோடு இணைத்தால் ஆளி மூடிக்கிடக்கும். கால் படலையைத் தரைக்கு இழுத்தால் ஆளி திறந்து விசிறி சுழலும். காலின் போக்கை மாற்றியமைக்க இடந்தரும் அளவிகளில், “இருப்புப் போதும்” என்பதற்கு இழுக்கவும் “குறைந்தது” என்பதற்குக் கைவிடவும் அமைத்தல் நன்று. அளவி முற்றாகச் செயலற்றுப்போனால் பொதுவாகக் கால் கைவிடப்படும். விசிறியும் தானே நின்றுவிடும். மொஸ்பெற், 3 வோல்ற்றிலும் நன்கு இயங்கும் இனமாயிருத்தல் வேண்டும். காலுக்குக் குறித்த அழுத்த எல்லையும் மீறப்படலாகாது. விசிறியின் மின்னோட்டம் அளவியின் தடையியூடாகவே செல்லவும் வேண்டும். இன்றேல் கணக்கில் வராத செலவு உண்டாகும்.

மாணவர் மேலும் மூன்று செய்திகளை மனத்திற் கொள்க. முதலாவது, எல்லாக் கால்களும் ஒரே முறையிற் பேசுவதில்லை. சில, ஒரு மில்லிசெக்கன் துடிப்பு மட்டும் தந்து அடங்கும்; சில, நுண்கட்டுப்படுத்தி வந்து நீக்கும்வரை எச்சரிக்கையை விடா. நிலை மாறும்வரை நின்று, மாறியபின் தானே நீங்கும் குறிப்பே ஆளிக்கு ஏற்றது. இரண்டாவது, நிறுத்தும் எல்லையும் மீட்கும் எல்லையும் ஒன்றாயிருத்தல் ஆகாது. சுமை நீங்கியதும் கலத்தின் அழுத்தம் உயர்வதால், அளவியின் மதிப்பும் சற்று ஏறக்கூடும். அப்போது விசிறி நின்றும் சுழன்றும் அலைக்கழியும். நூற்றுக்கு 10இல் நிறுத்தி 15இல் மீட்பது போன்ற இடைவெளி வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. அளவி கூறுவது மதிப்பீடேயன்றி முடிந்த உண்மையன்று. கலம் முதுமையுற்றால் அதன் கொள்ளளவு குறையும். அளவி அதனை அறியாதிருப்பின் கணக்குத் தவறும். இலிதியம் கலம் அளவுக்கு மிஞ்சி வறண்டால் சேதமுறும். மீண்டும் மின்னேற்றுதலும் ஆபத்தாகும். ஆதலின் இறுதிக் காவலை அளவியிடம் ஒப்படைத்தல் தகாது. அழுத்தத்தை நேரே நோக்கித் துண்டிக்கும் தனிக் காப்புச்சுற்று அவசியம். விசிறியை நிறுத்தும் அதிகாரம் அளவிக்கு உரியது. கலத்தைக் காக்கும் பொறுப்புக் காப்புச்சுற்றுக்கு உரியது. இவ்விரண்டையும் வேறு பிரித்து அமைக்கும் இளைஞர் கையில் அமைந்த சிறு சுற்று, மின்சாரம் அற்ற இரவிலும் ஒரு மாணவனின் மேசையில் ஒளியை நிறுத்தி வைக்கும் என்பது எமது துணிபு.